எழுத்தின் பெயரும் எழுத்தின் ஒலியும்: வாசகர் கேள்வி பதில்

குழந்தைகளின் வாசிப்பைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதிய சிறு பதிலுக்குப் பிறகு, கோபியிலிருந்து பொள்ளாச்சி வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. ஏறக்குறைய எல்லாமே குழந்தைக்கு வாசிக்கக் கற்பிப்பது எப்படி என்ற ஒரே கவலையைச் சுற்றி வருவதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லாக் கடிதங்களுக்கும் ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

கேள்வி: என் மகன் ஆங்கிலவழிப் பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறான். வீட்டில் நான் ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுத்தால், "மிஸ் அப்படிச் சொல்லவில்லை" என்று அழுகிறான். பள்ளியில் ஃபோனிக்ஸ் முறை என்கிறார்கள். எங்கள் தெருவில் அதற்கென்றே ஒரு வகுப்பு தொடங்கி, மூன்று மாதத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். ஃபோனிக்ஸ் என்றால் என்ன? அதில் சேர்க்காவிட்டால் என் மகன் பின்தங்கிவிடுவானா?
(ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பின்தங்க மாட்டான். அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. ஓர் ஒலியும் உண்டு. நீங்கள் சொல்லிக்கொடுப்பது பெயர். ஆசிரியை சொல்லிக்கொடுப்பது ஒலி. இரண்டும் வேறு என்பதை யாரும் அந்தக் குழந்தைக்குச் சொல்லாததால்தான் அவன் அழுகிறான். பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள மூன்று எழுத்துகளின் பெயர்கள் சி, ஏ, டீ. அந்தப் பெயர்களை எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் ‘சியேட்டீ’ என்றுதான் வரும், பூனை வராது. மாறாக, ‘க்’ என்னும் ஒலியையும், நம் அகரத்துக்கும் எகரத்துக்கும் இடையில் வாயை அகலத் திறந்து சொல்லும் ஓர் உயிரொலியையும், ‘ட்’ என்னும் ஒலியையும் அடுத்தடுத்துச் சொல்லி இணைத்துப் பாருங்கள். சொல் தானாகக் காதில் விழும். எழுத்தைக் கண்டு ஒலியைச் சொல்லி, ஒலிகளைக் கோத்துச் சொல்லை எட்டுகிற இந்த வழிக்குத்தான் ஃபோனிக்ஸ் என்று பெயர். நம் வீடுகளில் ‘எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்’ என்று சொல்வோமே, அதற்கு மிக நெருங்கிய உறவு இது. ஆனால் கூட்ட வேண்டியது எழுத்தின் பெயரை அல்ல, ஒலியை.

ஆங்கிலத்தில் இதற்காக இவ்வளவு பெரிய முயற்சி தேவைப்பட்டதற்குக் காரணம் அம்மொழியின் எழுத்துமுறை. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுத வேண்டியிருப்பதால், ஓர் எழுத்து பல ஒலிகளைச் சுமக்கிறது. ஓர் ஒலியைப் பல விதமாக எழுத வேண்டியும் வருகிறது. 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்புக் குழந்தைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒப்பிட்டு 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், மற்ற மொழிக் குழந்தைகள் பெரும்பாலும் ஓராண்டில் எட்டிவிடுகிற இடத்தை ஆங்கிலக் குழந்தைகளால் எட்ட முடியவில்லை. குழந்தைகளின் குறை அன்று அது. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட எழுத்துமுறையின் கடினம்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், ஆங்கிலம் பேசும் நாடுகளின் பள்ளிகள் பலவற்றில் சொல்லை முழு வடிவமாகப் பார்த்து மனத்தில் பதிப்பது, படத்தையும் முன்பின் சொற்களையும் வைத்து ஊகிப்பது என்ற வழிகளே மேலோங்கியிருந்தன. இதன்மேல் நெடுங்காலம் கடும் விவாதம் நடந்தது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு, அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, எழுத்துக்கும் ஒலிக்குமான உறவை முறையாக, வரிசைப்படுத்திக் கற்பிப்பது பயன் தருகிறது என்ற முடிவுக்கு வந்தது. இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் தலைமையில் நடந்த ஆய்வு 2006இல் அதே திசையைக் காட்டியது. எனவே உங்கள் மகனின் பள்ளி செய்வது தவறான செயல் அன்று. ஆனால் அதே அமெரிக்க அறிக்கை ஐந்து கூறுகளைச் சேர்த்தே சொன்னது: சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைக் காதால் பிரித்தறிவது, எழுத்து–ஒலி உறவு, தடையில்லாத ஓட்டம், சொல்வளம், பொருள் விளக்கம். விளம்பரப் பலகைகளில் இவற்றில் இரண்டாவது மட்டும்தான் எழுதப்படுகிறது.

வகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை உங்கள் வசதி முடிவு செய்யட்டும். ஆனால் அங்கே கிடைப்பதில் பெரும்பகுதியை வீட்டிலேயே தர முடியும். பள்ளியில் எந்த ஒலியை எந்த வரிசையில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஆசிரியையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே வரிசையில் வீட்டிலும் ஒலியை மட்டும் சொல்லுங்கள். பெயரை ஆறு மாதம் கழித்துக் கற்றுக்கொண்டாலும் நட்டமில்லை. ‘வாஸ்’ (was), ‘செட்’ (said), ‘ஒன்’ (one) போன்ற சொற்களின் எழுத்துக்கூட்டு விதிக்குள் முழுமையாக அடங்காது. அவற்றைப் பகுதி ஒலியாலும் பகுதி நினைவாலும்தான் கற்க வேண்டும் என்பதையும் அறிந்திருங்கள்.

நம் பிள்ளைகளுக்கே உரிய ஒரு சிக்கலைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. சொல்லின் இறுதியில் வரக்கூடிய எழுத்துகளாக நன்னூல் எண்ணும் 24இல் வல்லின மெய் ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் நம் நாக்கு ‘புக்கு’, ‘கேட்டு’, ‘கப்பு’ என்று ஓர் உகரத்தைத் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. உயிர் சேராத தனி மெய்யில் தொடங்கும் சொல்லும் தமிழில் இல்லை. ஆகவே ‘இஸ்கூல்’ என்கிறோம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. நம் மொழியின் இயல்பு அது. ஆனால் ஒலிகளைத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்கும்போது ‘க்’ என்பதைக் ‘கு’ என்றும் ‘ட்’ என்பதை ‘டு’ என்றும் சொன்னால், குழந்தை மூன்று ஒலிக்குப் பதிலாக மூன்று அசைகளைக் கோக்க வேண்டியதாகி, சொல் உருவாகாமலே போய்விடும். ஆகவே ‘க்’ என்று சொல்லி உடனே நிறுத்துங்கள். ‘ம்’, ‘ஸ்’ போன்றவற்றை நீட்டிச் சொல்லலாம். குழந்தைகள் அவற்றைத்தான் எளிதில் கோக்கிறார்கள். ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி: நான் எழுபத்தைந்து வயதைக் கடந்த விவசாயி. மணலில் விரலால் எழுதி, ஆனா ஆவன்னா, கானா ஙானா என்று ஓதிப் படித்தவன். அப்போது எந்த ஃபோனிக்ஸும் இல்லை; படிக்கத் தெரியாமல் நாங்கள் போய்விடவில்லை. என் பேரன் தமிழ்ப் பாடத்தைப் படிக்கவே திணறுகிறான். தமிழுக்கும் இந்த முறை வேண்டுமா? நான் கற்ற லை, னை எழுத்துகளே இப்போது வேறாக இருக்கின்றனவே, அதுதான் குழப்பத்துக்குக் காரணமா?
(ஒரு தாத்தா, பெருந்துறை)

பதில்: ஐயா, உங்கள் கேள்வியைப் பெருந்துறையிலிருந்து கேட்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் உங்கள் பக்கத்துச் சீனாபுரம் என்பது கொங்கு நாட்டு வழக்கு. உயிரும் இடையினமும் மிடற்றையும், மெல்லினம் மூக்கையும், வல்லினம் நெஞ்சையும் இடமாகக் கொண்டு பிறக்கின்றன என்றும், அகர ஆகாரங்கள் வாயைத் திறக்கும் முயற்சியால் பிறக்கின்றன என்றும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த நூல் அது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய தொல்காப்பியம், ஒலிகளின் பிறப்புக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியது. எழுத்து என்றாலே நம் இலக்கணத்தில் முதன்மையாக ஒலிதான். வரிவடிவம் அதற்குப் பின்னால் வருவது. ஆகவே ஒலிவழிக் கற்றல் தமிழுக்கு வெளியிலிருந்து வந்து சேர வேண்டிய பொருளன்று.

மணலில் எழுதியதையும் குறைவாக எண்ண வேண்டாம். விரல் வளைவை உணர, வாய் ஒலியைச் சொல்ல, கண் வடிவத்தைப் பார்க்க, மூன்றும் ஒரே நொடியில் நடந்தன. எழும்பூரில் இருந்த ஆதரவற்ற ஆண் குழந்தைகளின் பள்ளிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், சென்னையில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படித்ததைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்ந்து அது மதராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்து வரை சென்றது.

ஆனால் உங்கள் பேரன் திணறுவதற்கான காரணம், நாம் பள்ளிகளில் பழக்கமாக்கிக்கொண்ட ஒரு செயலில் இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். புள்ளி வைத்த எழுத்துகளை நாம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? இக், இங், இச், இஞ் என்று. மெய்யைத் தனியே ஒலிப்பது கடினம் என்பதால் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொண்டோம். அது பெயரே தவிர ஒலியன்று. நன்னூலார் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்தவர். அதனால்தான் எழுத்தைச் சுட்டிச் சொல்லும்போது அகரம், ககரம், ஆகாரம், ஐகான் என்று கரம், காரம், கான் ஆகியவற்றைச் சாரியை என்று தனியே பிரித்துக் காட்டினார். சாரியை பெயருக்கு உதவுவது. சொல்லுக்குள் அது நுழையாது. நாமோ அந்த இகரத்தைச் சொல்லுக்குள்ளும் கொண்டுபோகுமாறு குழந்தைகளைப் பழக்கிவிட்டோம்.

பவானிக்கு அருகில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான் பணியாற்றியபோது, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ‘பட்டம்’ என்ற சொல்லின்கீழ் விரலை வைத்து, "ப, இட், ட, இம்" என்று ஓர் எழுத்தும் தவறாமல் வாசித்தாள். விரல் கடைசி எழுத்தில் நின்றது. தலையை நிமிர்த்தி, "இது என்னங்க டீச்சர்?" என்று கேட்டாள். நான்கு எழுத்தும் தெரிந்திருந்தும் சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த ‘இட்’டையும் ‘இம்’மையும் கற்பித்தவள் நான்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிறகு இரண்டு முறை கைதட்டச் சொல்லி, முதல் தட்டுக்குப் ‘பட்’, இரண்டாம் தட்டுக்கு ‘டம்’ என்று சொல்லவைத்தேன். கை நிற்பதற்குள் "பட்டமா!" என்றாள். அதற்குப் பிறகு என் வகுப்பில், புள்ளி எழுத்து தனியாக நிற்காது, முன்னால் இருக்கும் எழுத்தின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும் என்று சொல்லி, அம், பட், கண், பல் என்று சேர்த்தே கற்பிக்கத் தொடங்கினேன்.

உங்கள் பேரனுக்கும் அதையே செய்து பாருங்கள். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பித்த பிறகுதான் சொல்லுக்குப் போக வேண்டும் என்பதில்லை. ட, ப, ம ஆகிய மூன்று எழுத்துகளும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று படித்துவிடலாம். துணைக்கால் ஒன்றைச் சேர்த்தால் பாடம், மாடம், பாப்பா, மாமா ஆகியவை கிடைத்துவிடும். ஒரு குறியைக் கற்றால் பத்துச் சொற்கள் திறக்கின்றன என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்போது அதன் முகத்தில் வரும் மாற்றத்தை நீங்கள் அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் கற்பிக்கும்போது மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. வாய்க்கு முதலில் வர வேண்டியது மெய். கண்ணின் வரிசையும் காதின் வரிசையும் இங்கே மாறிவிடுவதால், கொம்பைக் கண்டதும் அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் பழக்க வேண்டும். உகர வரிசையில் குறி பல வடிவம் எடுப்பதால் சு, பு, யு, வு ஆகியவற்றை ஒரு கூட்டமாகவும், து, நு, லு, று, னு ஆகியவற்றை ஒரு கூட்டமாகவும், டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றை ஒரு கூட்டமாகவும் கற்பிப்பது எளிது.

எழுத்து மாறியது பற்றிய உங்கள் ஐயத்துக்கு விடை ஈரோட்டிலேயே இருக்கிறது. பெரியார் 1935இல் தம் ‘குடி அரசு’ இதழில் தொடங்கிவைத்த சீர்திருத்தங்களில், ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகளுக்கான மாற்றத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்று ஆணை பிறப்பித்தது. முன்பு தனித்தனி வடிவமாக நினைவில் வைக்க வேண்டியிருந்த அந்த எழுத்துகள், இப்போது மற்ற எழுத்துகளைப் போலவே ஒரே குறியால் எழுதப்படுகின்றன. அந்த மாற்றம் உங்கள் பேரனின் சுமையைக் குறைத்திருக்கிறதே தவிரக் கூட்டவில்லை. வீட்டில் பழைய புத்தகம் இருந்தால், நீங்கள் கற்ற லையையும் அவன் கற்ற லையையும் அருகருகே காட்டுங்கள். அவன் மறக்க மாட்டான்.

கேள்வி: தமிழில் க, ச, ட, த, ப ஆகிய எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஒலிகள் இருக்கின்றனவே. அப்படியிருக்க, ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று எப்படிக் கற்பிப்பது?
(அவிநாசி)

பதில்: ‘பம்பரம்’ என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் பகரம் வன்மையாகவும் இரண்டாம் பகரம் மென்மையாகவும் ஒலிக்கும். ‘தந்தம்’, ‘பாடம்’, ‘பட்டம்’, ‘மஞ்சள்’, ‘பச்சை’ ஆகியவற்றிலும் இடம்தான் ஒலியை முடிவு செய்கிறது: இரட்டித்தால் வன்மை, மெல்லினத்தை அடுத்து வந்தாலோ இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வந்தாலோ மென்மை. தமிழைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைக்கு இதை விதியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. முதலில் ஓர் ஒலியைக் கற்பியுங்கள். சொல்லை நெருங்கியதும் அதன் காது மீதியைத் திருத்திக்கொள்ளும், ஏனென்றால் அந்தச் சொல் ஏற்கெனவே அதன் வாயில் இருக்கிறது. அப்படி இல்லாத குழந்தைக்கு என்ன செய்வது என்பது அடுத்த கடிதத்தில் வருகிறது.

கேள்வி: அரசுத் தொடக்கப்பள்ளியில் கற்பிக்கிறேன். என் வகுப்பில் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் குழந்தைகள் கணிசமாக உள்ளனர். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு என்னும் தொடக்க நிலையில் இருந்த ஒரு சிறுவன் இப்போது தமிழில் எதைக் கொடுத்தாலும் தடையின்றி வாசிக்கிறான். ஆனால் வாசித்தது என்னவென்று கேட்டால் ஒரு வார்த்தையும் தெரியவில்லை. இதற்கு எதிராக, உள்ளூர்க் குழந்தைகள் சிலர் நன்றாகப் பேசுகிறார்கள்; வாசிப்பதில்லை. இருவரையும் ஒரே வகுப்பில் எப்படி நடத்துவது?
(ஓர் ஆசிரியை, திருப்பூர்)

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது உங்களுடையது. வாசிப்பு ஆய்வாளர்களான கஃப், டன்மர் ஆகிய இருவரும் 1986இல் முன்வைத்த ஒரு விளக்கம் உங்கள் வகுப்புக்கு அப்படியே பொருந்துகிறது. வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக மாற்றும் திறனையும், கேட்டுப் பொருள் கொள்ளும் திறனையும் பெருக்கிவரும் தொகை என்றார்கள் அவர்கள். கூட்டல் அன்று, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்தான். நீங்கள் சொல்லும் சிறுவனிடம் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. உள்ளூர்ப் பிள்ளையிடம் இரண்டாவது இருக்கிறது, முதலாவது இல்லை. ஆகவே இருவருக்கும் ஒரே மருந்து பலிக்காது.

அந்தச் சிறுவனுக்கு இப்போது தேவை இன்னும் அதிக எழுத்துப் பயிற்சி அன்று, பேச்சு. அவன் வாசிக்கும் ஒவ்வொரு பாடத்திலும் பத்துச் சொற்களைப் பொருளாகவோ செயலாகவோ படமாகவோ முன்னதாகவே காட்டிப் பேசவைத்துவிட்டுப் பிறகு பாடத்தைக் கொடுங்கள். சத்துணவு நேரமும் விளையாட்டு நேரமும் இதற்கு வகுப்பறையைவிட நல்ல இடங்கள். அவன் வீட்டில் பேசும் மொழியில் அந்தச் சொல் என்னவென்று கேட்டு வகுப்புக்குச் சொல்லவையுங்கள்; மொழி தெரியாதவன் என்ற நிலையிலிருந்து இரண்டு மொழி தெரிந்தவன் என்ற நிலைக்கு அவன் வந்துவிடுவான். ஒரே ஒரு எழுத்துப் பயிற்சி மட்டும் அவனுக்குத் தனியாக வேண்டும். வன்மையான பகரத்துக்கும் மென்மையான பகரத்துக்கும் ஒடியாவிலும் இந்தியிலும் வெவ்வேறு எழுத்துகள் உண்டு. தமிழில் ஒரே எழுத்து எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதை அவன் காதால் ஊகிக்க வழியில்லை. அவிநாசி வாசகருக்குச் சொன்ன பம்பர விதியை அவனுக்கு வெளிப்படையாகவே கற்பிக்க வேண்டும்.

உள்ளூர்ப் பிள்ளைகள் பேச்சில் வல்லவர்கள் என்றாலும், புத்தகத் தமிழ் அவர்களுக்கும் ஓரளவு வேற்றுமொழிதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வீட்டில் ‘ஊடு’ என்கிற குழந்தை, வ், ஈ, டு என்று சரியாக ஒலிகூட்டி ‘வீடு’ என்று வாசித்துவிட்டு, அது தன் ஊடுதான் என்று உடனே உணர்வதில்லை. ‘நோம்பி’ என்று கொண்டாடும் குழந்தைக்கு ‘நோன்பு’ கண்ணில் பட்டாலும் மனத்தில் மணி அடிப்பதில்லை. ஒருமுறை என் வகுப்பில், பாலு என்ற சிறுவனைப் பற்றிய கதையை வாசித்து முடித்த பையன், "பாலு யாரோட பையனுங்க டீச்சர்?" என்று கேட்டான். நம் பக்கத்தில் ‘என்ற பையன்’ என்றால் ‘என்னுடைய பையன்’ அல்லவா? புத்தகத்தில் உள்ள ‘என்ற’ வேறு பொருள் தருவது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள், அது பிழையன்று. "நாம ஊடுன்னு சொல்றதைப் புத்தகத்துல வீடுன்னு எழுதியிருக்காங்க கண்ணு" என்று இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி இணைத்துவிட்டால் போதும். ஒலிகூட்டிக் கிடைத்த சொல்லைத் தன் சொல்லோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் குழந்தைக்கு அங்கிருந்துதான் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் பத்து நிமிடம் நீங்களே ஒரு கதையை உரக்க வாசியுங்கள். இரு வகைக் குழந்தைகளுக்கும் பொதுவாகப் பயன்படும் ஒரே வேளை அது.

கேள்வி: வகுப்புத் தேர்வில் அர்த்தமே இல்லாத ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். இது குழந்தையைக் குழப்பாதா?
(கரூர்)

பதில்: அளவோடு செய்தால் குழப்பாது. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு நடத்தப்படும் ஒலிவழித் தேர்வில் 40 சொற்கள் உண்டு. அவற்றில் 20 பொருளற்றவை. தெரிந்த சொல்லைக் குழந்தை மனப்பாடத்திலிருந்து சொல்லிவிடலாம். பொருளற்ற சொல்லை ஒலிகூட்டினால் மட்டுமே படிக்க முடியும். தமிழில் ‘மபட்டம்’, ‘டாமப்’ என்று எழுதிக் காட்டி நீங்களும் சோதிக்கலாம். ஆனால் அது சோதிப்பதற்கு மட்டுமே உரிய கருவி. அதையே பாடமாக்கி, பொருளற்ற சொற்களின் பட்டியலை வீட்டுப்பாடமாகத் தருகிறார்கள் என்றால், பள்ளியில் சென்று பேசுங்கள்.

கேள்வி: தமிழ், ஆங்கிலம் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கலாமா? எது முதலில்?
(தாராபுரம்)

பதில்: வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள் என்றால் தமிழ் முதலில். ஒலிகளைக் கோத்தால் சொல் வரும் என்ற கண்டுபிடிப்பைக் குழந்தை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் செய்ய வேண்டும். தனக்குத் தெரிந்த சொற்களில் அதைச் செய்வது எளிது. பிறகு ஆங்கிலத்தில் புதிய எழுத்துகளையும் புதிய ஒலிகளையும் கற்க வேண்டியிருக்குமே ஒழிய, அந்தக் கண்டுபிடிப்பை மீண்டும் செய்ய வேண்டியிருக்காது. பள்ளி இரண்டையும் சேர்த்துத் தொடங்கிவிட்டால் தடுக்க வேண்டாம். வீட்டு நேரத்தைத் தமிழுக்குக் கொடுங்கள்.

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறாள். ‘மரம்’ என்று இருந்தால் ‘மழை’ என்கிறாள். எதையும் ஒரு முறை படித்துக்காட்டினால் அப்படியே ஒப்பித்துவிடுகிறாள், ஆனால் புதிய பக்கத்தைக் கொடுத்தால் அழுகை. சோம்பேறி என்று வகுப்பில் சொல்கிறார்கள். டிஸ்லெக்சியாவாக இருக்குமா?
(ஒரு தந்தை, பொள்ளாச்சி)

பதில்: கேட்டதை அப்படியே ஒப்பிக்கும் குழந்தையைச் சோம்பேறி என்று சொல்வது தவறு. தன்னால் முடியாததை மறைப்பதற்கு அவள் எவ்வளவு உழைக்கிறாள் என்பதையே அது காட்டுகிறது. அந்தச் சொல்லை இனி வீட்டில் யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை வைத்து டிஸ்லெக்சியா (வாசிப்பில் வெளிப்படும் கற்றல் குறைபாடு) என்றோ அல்ல என்றோ நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைக்கும் குழந்தைக்கு ஒலிகள் தெளிவாக விழாமல் போவதுண்டு. அடுத்து, அவளுக்கு ஒலிகூட்டக் கற்பித்தார்களா என்பதைப் பாருங்கள். முழுச் சொல்லாகவே மனப்பாடம் செய்து வளர்ந்த குழந்தைகள் முதல் இரண்டு வகுப்புகளை நினைவாற்றலால் கடந்துவிட்டு, பாடங்கள் நீளும் மூன்றாம் வகுப்பில் இப்படித்தான் தடுமாறுவார்கள். நம் எழுத்துமுறையைக் கற்கவும் ஆங்கிலத்தைப் போலவே, ஆனால் வேறொரு காரணத்தால், காலம் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கன்னடக் குழந்தைகளைப் பற்றிச் சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய் எழுத்துகளின் எண்ணிக்கை மிகுதியால் எழுத்தறிவு தொடக்க வகுப்புகள் பலவற்றுக்கு நீள்வதைக் காட்டியது. 216 உயிர்மெய்களைக் கொண்ட தமிழிலும் மூன்றாம் வகுப்பில் சில எழுத்துகளில் தடுமாறுவது தனியொரு நோய்க்குறி ஆகிவிடாது.

எனவே மூன்று மாதம், நாள்தோறும் பதினைந்து நிமிடம், மேலே பெருந்துறை ஐயாவுக்குச் சொன்ன வரிசையில் தொடக்கத்திலிருந்து போங்கள். படமில்லாத சொல்லட்டைகளைப் பயன்படுத்துங்கள். ஊகிப்பதற்குப் படம் இடம் கொடுக்கும். ‘மரம்’ என்பதை ‘மழை’ என்றால் "தப்பு" என்று சொல்லாமல், இரண்டாம் எழுத்தின்கீழ் விரலை வைத்து, "இது என்ன சொல்லுது?" என்று மட்டும் கேளுங்கள். பழகிய சொற்கள் சேரும் அளவுக்கு, அவற்றாலேயே ஆன இரண்டு வரிக் கதைகளை நீங்களே எழுதிக்கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒலிகளைக் கோக்க முடியாமல் தவித்தாலோ, நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று முற்றிலும் மறந்துபோவது தொடர்ந்தாலோ, தாமதிக்காமல் மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரிடம் முதலில் கேட்கலாம். அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார்கள். கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. ஆகவே அது உறுதியானால் பள்ளியில் சலுகை கேட்பது உங்கள் மகளின் உரிமை. அப்படி உறுதியானாலும் கற்பிக்கும் வழி பெரிதும் மாறாது. அதே ஒலிவழிதான், இன்னும் சிறு படிகளாக, இன்னும் அதிகமான திரும்பச் சொல்லலோடு, கையால் தடவி எழுதுவதையும் சேர்த்துக் கற்பிப்பார்கள்.

மதிப்பீட்டுக்குச் செல்லும்போது, ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் எழுதிய பழைய நோட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பிழையையும் அழித்துத் திருத்த வேண்டாம். அவள் எந்த ஒலியை எந்த எழுத்தாகக் கேட்டாள் என்பது அந்தப் பிழைகளில்தான் எழுதப்பட்டிருக்கும்.